கழுவாமல் வைத்தது

செண்பகம் மதினி வெளிக்கதவைச் சாத்திக்கொண்டு போன சத்தம் கேட்டதும், பொற்கொடி ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்த புடவையைத் தையல் மெஷின் மேலேயே விட்டுவிட்டு எழுந்தாள். ஒரு மணி நேரம். மதினி மார்க்கெட்டில் கீரையும் முருங்கைக்காயும் வாங்கி, மருந்துக்கடையில் தன் தம்பிக்கு, பொற்கொடியின் புருஷனுக்கு, டயப்பர் கட்டு ஒன்று வாங்கி, நடந்தே திரும்பினால் ஒரு மணி நேரம். வெயில் தாங்காமல் ஆட்டோவில் ஏறிவிட்டால் முக்கால் மணிதான். இப்போது பத்தேகால். செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாளே, "வந்து அந்த பீரோவோட கீழ்த்தட்ட ஒழிச்சுப் போட்டுர்றேன் பொற்கொடி. டயப்பரு, பவுடரு, மருந்து எல்லாத்தையும் அதுல அடுக்கிறலாம். நீ தையலைப் பாரு, நான் பாத்துக்கிறேன்" என்று. நல்ல மனசோடுதான் சொன்னாள். தம்பிக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்ட அன்றே தேனியிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள், இருபது நாளுக்கு மேலாக இங்கேயே கிடக்கிறாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, எதைச் சொல்லி வேண்டாம் என்பது. கீழ்த்தட்டில் கம்பளிக்கு அடியில் அது இருக்கிறது. அதற்குப் பெயர் கிடையாது. வந்த நாளிலிருந்து அவரும் பெயர் வைக்கவில்லை, இவளும் வைக்கவில்லை. அட்டைப்பெட்டியில் பர்சனல் மசாஜர் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது, ஆனால் அது பெட்டிக்காரன் வைத்த பெயர், இந்த வீட்டில் வைத்தது இல்லை. அது என்றால் அது. அதை எடுக்கட்டுமா என்று அவர் கேட்பார், இவள் சுவரைப் பார்த்தபடி ம் என்பாள், அவ்வளவுதான். இப்போது அந்த ம் என்ற சத்தம்கூட இந்த வீட்டில் யாரோ வேறொருத்தி போட்டது மாதிரி இருக்கிறது.

அறைக்குள் போனாள். ஞானசுந்தரம் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இந்த இருபத்து மூன்று நாளில் அவர் எப்போது தூங்குகிறார், எப்போது சும்மா கண்ணை மூடியிருக்கிறார் என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. வாயின் வலது ஓரம் சற்றே இறங்கி, அதில் எச்சில் பளபளத்தது. துடைக்கலாம் என்று கை போனது, எழுப்பிவிடுவோமோ என்று திரும்பியது. இருபத்தேழு வருஷம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்திய கை, வலது கை, போர்வைக்கு மேல் யாரோ வைத்துவிட்டுப் போனது போலக் கிடந்தது. பீரோவின் கதவு கிறீச்சிட்டது. எப்போதும் கிறீச்சிடும், இன்றைக்கு ஊரைக் கூட்டுகிற மாதிரி. கம்பளியைத் தூக்கினாள், பிளாஸ்டிக் கவர் ஒன்று விரலில் பட்டது, பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள், பல்லியைத் தொட்டவள் போல. ஏன் பயம்? ரெண்டு வருஷமாகத் தெரிந்த பொருள்தானே. ஆனால் வெளிச்சத்தில் தெரிந்தது இல்லை. இவள் அதை நேராகப் பார்த்ததே முதல் நாள் ஒரு தரம்தான். அன்றைக்குப் பார்சலைப் பிரித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "கோவிச்சுக்காத. பிடிக்கலைன்னா குப்பையில போட்டுறலாம். எனக்கு சுகர் வந்து பன்னெண்டு வருசம் ஆச்சு, என்னால முடியல, அது உன் தப்பு இல்லையே" என்றார் ஜன்னலிடம். மூன்று நாள் அவரோடு அவள் பேசவில்லை. என்னை என்னவென்று நினைத்துவிட்டார் என்றுதான் ஆத்திரம். கர்ப்பப்பையை எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, இந்த வயதில் இது ஒன்று கேட்குதா எனக்கு என்று சாம்பாரைத் தாளிக்கும்போதெல்லாம் கரண்டியிடம் கேட்டாள். நாலாவது நாள் ஆத்திரம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. தேடினாள், காணோம். அதற்குப் பதிலாக வேறொன்று இருந்தது. சிரிப்பு மாதிரி, ஆனால் சிரிப்பில்லை.

கவரை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். ஏன் சமையலறை, பாத்ரூமுக்கு அல்லவா போகணும், பாத்ரூமில் குழாய் சொட்டுச் சொட்டாக வருகிறது, சரி. கவரின் முடிச்சு இறுகியிருந்தது. அது அவர் போட்ட முடிச்சு. வலது கை போட்ட முடிச்சு; இனி அந்தக் கை முடிச்சுப் போடுமோ போடாதோ. இதைப் பிரித்தால் அதுவும் போய்விடும் என்று ஒரு நினைப்பு வந்து, பைத்தியக்காரத்தனம் என்று இன்னொரு நினைப்பு வந்து, கடைசியில் நகத்தால் நெம்பிப் பிரித்தாள். கத்தரிப்பூ நிறம், உள்ளங்கை நீளம், வளைந்த கூழாங்கல் மாதிரி. மேலே வெள்ளையாக ஏதோ காய்ந்து படிந்திருந்தது. மூடி வைத்த டிபன் பாக்ஸைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாடை லேசாக. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அருவருப்பா? இல்லை, வெட்கம். இல்லை, அதுவும் இல்லை, பயம்தான். ஏனென்றால் அவர் ஒரு நாளும் இதைக் கழுவாமல் வைத்ததில்லை. அந்த வேலை அவருடையது. இவள் சுவர்ப் பக்கம் படுத்திருப்பாள், அவர் எழுந்து போவார், குழாய்ச் சத்தம் கேட்கும், நின்று நிதானமாக, ஒரு லென்ஸைக் கழுவுகிற நேரம் எடுத்துக்கொண்டு கழுவுவார், திரும்பி வந்து துடைப்பார், பீரோ கிறீச்சிடும், அதற்குள் இவள் தூங்கிப்போயிருப்பாள். ரெண்டு வருஷத்தில் ஒரு நாளும் எழுந்து போய் எப்படிக் கழுவுகிறார் என்று எட்டிப் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும், கடை விடுமுறை, கறிக்குழம்பு சாப்பிட்டு, வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான், அன்றைக்கு மட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. "அசதியா இருக்கு பொற்கொடி, சாயங்காலம் கழுவிக்கலாம்" என்று கவரில் போட்டு முடிந்து கம்பளிக்கு அடியில் தள்ளிவிட்டார். சாயங்காலம் மகள் போன் பண்ணினாள், அப்புறம் கரண்ட் போனது, மறந்தே போச்சு. திங்கட்கிழமை விடிந்து பல் விளக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. என்னங்க விளையாடுறீங்களா என்று இவள் கேட்டாளே, அந்த வாயைத் தைக்க வேண்டும்.

அசதியா இருக்கு என்றாரே. அப்போதே ஆரம்பித்துவிட்டதா? அதனால்தானா? ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர் கேட்டார், முந்தின நாள் ஏதாவது கடுமையான வேலை, கவலை, மாடிப்படி, ஏதாவது? மதினி பக்கத்தில் நின்றாள். "இல்ல சார், லீவுதான், வீட்லதான் இருந்தாரு" என்று சொன்னாள் பொற்கொடி. பொய் இல்லை. உண்மையும் இல்லை. அதிலிருந்து அந்தக் கேள்வி போகிற இடமெல்லாம் கூட வருகிறது, தையல் மெஷினை மிதித்தால் அந்தத் தாளத்திலேயே வருகிறது, அதனாலயா அதனாலயா அதனாலயா. இவள்தான் அன்றைக்கு ம் என்றாள். அவர் கேட்டார், உண்மைதான், ஆனால் கேட்பதற்கு முன்னால் இவள் புரண்டு படுத்தது எதற்கு, வளையலைக் கழற்றி வைத்தது எதற்கு. குப்பையில் போட்டுவிட்டால் என்ன? இந்த நிமிஷமே. ஆனால் குப்பை வண்டியோடு வரும் அம்மா ஒவ்வொரு வீட்டுப் பையையும் வாசலிலேயே பிரித்து, மக்குவது ஒரு பக்கம் மக்காதது ஒரு பக்கம் என்று கையால் பொறுக்கிப் போடுவாள், போன வாரம் கூட எதிர்வீட்டுக்காரியிடம் "இது என்னக்கா, பேட்டரி ஐட்டமா, இதத் தனியால்ல தரணும்" என்று உரக்கக் கேட்டாள். பேட்டரி ஐட்டம். தெருவே திரும்பிப் பார்க்கும். சாக்கடையில் போட்டால் அடைத்துக்கொள்ளும், நகராட்சிக்காரன் குச்சியால் தூக்கிக் காட்டுவான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்? குரங்கு வருகிறது. குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு தெரு விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கிற காட்சி மனசில் வந்து, சிரிப்பும் வந்துவிட்டது, சத்தமாகவே, உள்ளே புருஷன் அந்தக் கோலத்தில் கிடக்கிறார், நீ சிரிக்கிறாய். மணி பத்து முப்பத்தைந்து. போடுவதில்லை. கழுவி, துடைத்து, தையல் துணி மூட்டைக்குள் வைத்துவிட்டால் மதினி அந்தப் பக்கம் வரமாட்டாள். அதற்கு மேல் என்ன செய்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எப்படிக் கழுவுவது?

பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள், மகள் குழந்தையாக இருந்தபோது பால் புட்டியைக் கொதிக்க வைத்தாளே, அது மாதிரி கிருமியெல்லாம் செத்துவிடும். தண்ணீர் சிணுங்க ஆரம்பித்ததும் சந்தேகம் வந்தது. இது உள்ளே மோட்டார் வைத்தது அல்லவா, மிக்சி ஜாரின் அடிப்பாகத்தைத் தண்ணீரில் போடுவோமா? வெடித்துவிட்டால்? அடுப்பை அணைத்தாள். டெட்டால் ஊற்றலாமா, அது புண்ணுக்கு ஊற்றுவது, அப்புறம் எரிந்தால்? அப்புறமா? எந்த அப்புறம்? யாருக்கு அப்புறம்? அவர் அங்கே கிடக்கிறார், உனக்கு அப்புறம் ஒன்று கேட்கிறதா? ஆனால் வார்த்தை வந்துவிட்டது, அதைப் போ என்றால் போகவில்லை, அடுப்பு மேடையில் உட்கார்ந்துகொண்டது. போனை எடுத்தாள். மைக் படத்தை அழுத்தி, வாயைக் கிட்டே வைத்து, "மசாஜர் கழுவறது எப்படி" என்று ரகசியமாகச் சொன்னாள். "வணக்கம் மக்களே!" என்று ஒரு பெண் போனுக்குள்ளிருந்து கத்தினாள், "கழுத்து வலி, தோள்பட்டை வலி, இனிமே கவலையே வேண்டாம்!" பொற்கொடி போனை அரிசி டப்பாவுக்குள் அமுக்கினாள். அரிசிக்குள்ளிருந்தும் அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வழியாக அணைத்த பிறகுதான் அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. மெஷினுக்கு அடியில் நூல்கண்டு போட்டு வைத்திருக்கிறாளே, அது அந்தப் பெட்டிதான். அவர்தான் மேல் அட்டையைக் கிழித்துவிட்டு, வீணாக்குவானேன் என்று கொடுத்தார். நூல்கண்டுகளைக் கவிழ்த்தாள். அடியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

இங்கிலீஷ் எழுத்து எறும்பு சைஸில் ஓடியது, ஆனால் படம் போட்டிருந்தான், புண்ணியவான். குழாய்ப் படம், ஒரு தெர்மாமீட்டர் பாதி வரைக்கும் ஏறி நிற்கிறது, பக்கத்தில் சரி என்று கோடு. கொதிக்கிற சட்டிக்குக் குறுக்கே பெருக்கல் குறி. பாட்டில் ஒன்றுக்கும் பெருக்கல் குறி, டெட்டால் மாதிரி எதுவோ, ஸ்பிரிட்டாக இருக்கும். சோப்புக்குச் சரி. சார்ஜ் போடுகிற சின்ன ஓட்டைக்கு மேல் ஒரு ரப்பர் மூடி, அதை விரல் அழுத்துகிறது. கடைசியில் சூரியன் மாதிரி ஒன்று, துணி மாதிரி ஒன்று. நன்றாகக் காயணும் போலிருக்கிறது. அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் பேனாவால், அவர் கையெழுத்தில், தமிழில், "வெதுவெதுப்பு போதும். மடிப்பில் சோப்பு தங்கக் கூடாது. அவளுக்கு எரியும்" என்று எழுதியிருந்தது. லென்ஸ் ஆர்டர் எழுதுகிற அதே சின்னச் சின்ன எழுத்து. பொற்கொடி அதை ரெண்டு தரம் படித்தாள். அவளுக்கு எரியும். அவள் என்றால் நான். யாருக்காக எழுதி வைத்தார், அவருக்கே ஞாபகம் இருக்காதா? காகிதத்தைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். சட்டித் தண்ணீரில் பச்சைத் தண்ணீரை விளாவி முழங்கையால் தொட்டுப் பார்த்தாள். அவர் உடம்புக்கு நர்ஸ் எழுதிக்கொடுத்த வாசனையில்லாத சோப்பை எடுத்துவந்து நுரை கிளப்பினாள். ரப்பர் மூடி கெட்டியாக இருக்கிறதா என்று பெருவிரலால் அழுத்தினாள். காய்ந்த வெள்ளை இளகி, வழுவழுப்பாகி, போனது. மடிப்பில் விரல் நுனியை ஓட்டி ஓட்டிக் கழுவினாள். தன் உடம்பில் பட்டதை இப்போதுதான் கையில் பார்க்கிறாள். அதில் ஒன்றும் இல்லை. குழந்தையின் கிலுகிலுப்பை மாதிரி கனமில்லாமல் இருக்கிறது. இதற்கா இருபத்து மூன்று நாளாக நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நேரம் விரல் எங்கேயோ பட்டு அது உயிர் வந்த மாதிரி உறுமியது, பதறிப்போய்க் கை நழுவி எவர்சில்வர் தொட்டியில் விழுந்தது, தொட்டி முழுக்க அதிர்ந்து, ஆட்டோ வந்து வாசலில் நின்ற மாதிரி ஒரு சத்தம், எந்த இடத்தில் அழுத்தினால் நிற்கும் என்று தெரியவில்லை, அழுத்தினால் இன்னும் வேகமாகிறது, ஐயோ நில்லேன், நில்லேன், கடைசியில் அழுத்திப் பிடித்தபடி இருந்ததும் நின்றது. வீடு நிசப்தமானது. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"பொ..." என்றது குரல். எழுத்து உடைந்து வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் இவளைக் கூப்பிடுவது இதுதான் முதல் தரம். தண்ணி, அம்மா, வலி என்று மதினியிடம் சொல்வார், இவள் உடம்பு துடைக்க வந்தால் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோபம், என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றுதான் இவள் எண்ணியிருந்தாள். ஈரக் கையோடு, அதையும் பிடித்தபடியே போய் நின்றாள். மறைக்கவேண்டும் என்று தோன்றியதே வாசற்படி தாண்டின பிறகுதான். அவர் கண் நேராக அதன் மேல் போனது. அப்புறம் அவள் முகத்துக்கு வந்தது. "இத எப்படிங்க கழுவுவீங்க" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள், வந்தது வேறு. "இதனாலயாங்க? அன்னிக்கு மத்தியானம்... என்னாலயா? சொல்லுங்க. கோவமா இருந்தாலும் பரவால்ல, சொல்லிருங்க." அவர் தலையை ஆட்டினார், இல்லை என்பது போல, தலையணை தடுத்ததால் பாதி ஆட்டம்தான். இடது கையைத் தூக்கிப் பெருவிரலையும் சுட்டு விரலையும் சேர்த்து வாயருகே கொண்டுபோனார். "மா... மாத்தி..." "மாத்திரையா? பத்து மணி மாத்திரை மதினி குடுத்துட்டாங்களே." மறுபடி தலையாட்டல். வியர்த்தது அவருக்கு. "ப்ரசரு. போடல. நா... போடல." பொற்கொடிக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது, பிறகு மறுபடியும் புரியவில்லை. பிரஷர் மாத்திரையை அவர் கடைக்கு எடுத்துப்போய் டீ குடித்த பிறகு போடுவதுதான் வழக்கம். ஆஸ்பத்திரியில் மாத்திரை ஒழுங்கா எடுத்தாரா என்று கேட்டதற்கு, ஒரு நாளும் விட்டதில்ல சார் என்று அடித்துச் சொன்னவள் இவள். "எத்தனை நாளா?" என்றாள். அவர் விரலைக் காட்டவில்லை. "ரெ... ரெண்டு மாசம்." "ஏங்க? ஏன்?" அவர் அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு கடைக்கு வந்த எவனோ ஒருத்தன் சொன்னானாம், அந்த மாத்திரைதான் ஆம்பிளைங்களை இப்படி ஆக்குதுன்னு, நிறுத்தினா சரியாகும்னு. இதைச் சொல்லி முடிக்க அவருக்கு எத்தனை நிமிஷம் ஆனது என்று தெரியாது, ஒவ்வொரு சொல்லும் தடுக்கி விழுந்து எழுந்து வந்தது, கடைசியில் "உனக்கு... நானே..." என்று நின்றுவிட்டது.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்படியானால் இதனால் இல்லை. ஆனால் இதனால்தான். என்னால் இல்லை, ஆனால் எனக்காக. இதில் எதை எடுத்து வைத்துக்கொண்டு ஆறுதல் அடைவது? முதலில் வந்தது கோபம்தான், தலைமுதல் கால்வரை. "அறிவிருக்கா உங்களுக்கு? கேட்டேனா? நான் எப்பவாச்சும் உங்களக் கேட்டேனா?" என்று சத்தம் போட்டாள், போட்டபோதே, கேட்கவில்லைதான், ஆனால் எதையாவது சொல்லியிருக்கிறோமா என்று உள்ளே ஒன்று திரும்பிக் கேட்டது. ரெண்டு வருஷமாகச் சுவரிடம் ம் என்று சொன்னதைத் தவிர. நன்றாயிருந்தது என்று ஒரு சொல், போதும் என்று ஒரு சொல். அந்த மனுஷன் குழாயடியில் நின்று மடிப்பு மடிப்பாகக் கழுவும்போது இவள் எதை நினைத்துக்கொண்டு தூங்கினாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முதுகுக்கா வாய் இருக்கிறது. "எனக்கு இது நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள், குரல் எங்கிருந்தோ வந்தது, தன் குரல்தானா என்று சந்தேகமாயிருந்தது. "குறைன்னு நெனக்கல. நீங்க எடுத்துட்டு வர்றது, நீங்க வச்சிட்டு வந்து படுக்கிறது, எல்லாம் சேத்துத்தான் நல்லாருந்துச்சு. வாயத் தொறந்து சொல்லத்தான் தெரியல." அவர் அவளையே பார்த்தார். முகத்தைத் திருப்பவில்லை. பிறகு இடது கையை நீட்டினார், அதைக் கொடு என்பது போல. கொடுத்தாள். தலைமாட்டிலிருந்த கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியைக் கண்ணால் காட்டினார், எடுத்து அவர் விரலில் மாட்டிவிட்டாள். அவள் பிடித்துக்கொள்ள, அவர் துடைத்தார், பழக்கமில்லாத கை, ஒரு பக்கம் துடைக்க மறுபக்கம் நழுவியது, மடிப்புக்கு வந்ததும் நின்று, பார்த்து, துணி நுனியை உள்ளே கொடுத்துத் திருப்பினார். ரப்பர் மூடியைச் சுற்றி ஒரு தரம். அவசரப்படவே இல்லை.

வெளிக்கதவு திறந்தது. "அப்பா, என்னா வெயிலு" என்றபடி பைகளைக் கீழே வைக்கிற சத்தம், செருப்புச் சத்தம், இந்தப் பக்கமாக வருகிறது. பொற்கொடி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். கல்யாணமான புதிதில் போட்டது, அப்புறம் இந்தத் தாழ்ப்பாள் பகலில் விழுந்ததே இல்லை. "ஏ பொற்கொடி, என்ன கதவு சாத்திருக்கு, தம்பிக்கு எதுவும் முடியலையா?" என்று மதினி பதறினாள். என்ன சொல்வது? "ஒண்ணுமில்ல மதினி" என்றாள், "தொடச்சு விட்டுக்கிட்டிருக்கோம்." சொன்ன பிறகுதான் அந்த இருக்கோம் என்பதில் நாக்கு இடறியது. படுக்கையில் அவர் உடம்பு குலுங்குவது தெரிந்தது, பயந்துபோய்த் திரும்பினாள், வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியிருந்தது, மற்றப் பக்கம் அப்படியே, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிக்க வரவில்லை. இன்னும் கோபமாக இருந்தது, அழுகையும் இருந்தது, நாளைக்குச் செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் மாத்திரை விஷயத்தைச் சொல்லியே ஆகணும், மதினி பக்கத்தில் நிற்பாளே, எந்த இடம் வரைக்கும் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது, மதினியை வெளியே உட்காருங்கள் என்றால் தப்பாக நினைப்பாளா. "சரி சரி, நிதானமா வா" என்றாள் மதினி, "நான் கீரையை ஆயிறேன்." பொற்கொடி திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், சுவரைப் பார்க்காமல், அவரைப் பார்த்து. "காஞ்சிருச்சா?" என்று கேட்டாள். அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், இன்னும் இல்லை என்று தலையசைத்தார்.